தாராவி செட்டும் வேலியோரத்து ரசிகர்களும்

புதிதாகக் கோல் பிடித்து, டிரம் அடித்து நடக்கிற ஒரு செட்டுக்கு முன்னால் நடக்கப்போகிறவர்கள் நீங்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, யாரையாவது படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். எப்படி அடிப்பது, எப்படித் திரும்புவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். வேலிக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நீங்கள் செட்டை எவ்வளவு அருமையாக நடத்தினாலும் சரி, அங்கே நிற்கும் ஒருவர், "முன்னெல்லாம் இப்படியா இருந்துச்சு?" என்று கேட்பார். நான் முதன்முதலாகப் போட்டிக்கு இறங்கிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றிலேயே இதைக் கேட்டேன். அந்தப் போட்டி ஆரம்பித்தே அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

நான் பட்டாளத்து பேண்டில் சைடு டிரம் அடித்தவன். முழங்காலில் அடிபட்டது என்று அனுப்பிவிட்டார்கள். பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தேன். சாயங்கால வேளைகளில் தாராவிக்கு நடந்துபோய், தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு டிரம் சொல்லிக்கொடுத்தேன். நாற்பது பேர். அநேகமாக எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். ஷாப் முதலாளி ஒரு சேட். காக்கி உடுப்பும் டிரம்களும் அவர் வாங்கிக்கொடுத்தது. பியூகிள்களை ஒரு சாரணர் குழுவிடம் இரவல் வாங்கியிருந்தோம்.

போட்டி வருஷத்துக்கு ஒரு முறை, மாட்டுங்காவில் தண்டவாளத்தை ஒட்டிய மைதானத்தில் நடக்கும். ரயில்வே பட்டறைக்காரர்கள் ஒரு செட்டு, மாட்டுங்கா ஆபீஸ்காரர்களின் தேகப்பயிற்சிக் கழகம் ஒரு செட்டு, செம்பூரிலிருந்து ஒரு செட்டு, நாங்கள் ஒரு செட்டு. அந்தக் காலத்து மார்க் முறை விசித்திரமானது. நூறு மார்க்கை முதலிலேயே கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பித்தான் மங்கியிருந்தால் ஒன்று. பூட்ஸில் சேறு இருந்தால் ஒன்று. வரிசை ஒரு சாண் விலகினால் இரண்டு. யார் குறைவாகத் தப்புச் செய்தார்களோ அவர்களுக்குக் கப்பு. அடி கேட்கிறவனின் நெஞ்சில் போய் விழுந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முதல் வருஷம் நாங்கள் மைதானத்தில் பாதி தூரம் போவதற்குள், வேலியிலிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது.

"ஓய் மாஸ்டர், மூணாவது வரிசை கோணலாக்கும்! திரும்பிப் பார்க்கப்படாதோ?"

முன்னால் நடக்கிறவன் திரும்பிப் பார்த்தால் அதற்கும் ஒரு மார்க் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். முடிந்ததும் மூன்றாவது வரிசைக்கு ஆறு மார்க் போயிருந்தது. அந்த மனிதர் சொன்னது சரிதான்.

விசாரித்தேன். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் குடித்தனம். வாழ்க்கையில் டிரம் குச்சியைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு போட்டி விடாமல் வேலியோரம் வந்து நிற்பார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் ஒரு வாரம் நின்றது. எட்டாம் நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எங்கள் வரிசையை நீங்கள்தான் வந்து பார்க்கவேண்டும்" என்றேன்.

"தாராவிக்கா?" என்றார். உள்ளே மனைவி நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "அங்கே நாத்தம் ஜாஸ்தியாக்கும், இல்லையோ?"

"இருக்கும். வரிசையும் கோணலாக இருக்கும்."

வந்தார். முதல் நாள் மூக்கில் கைக்குட்டை. நாங்கள் பயிற்சி செய்த தோல் கிடங்கின் வெளிப்படியில் ஏறி உயரத்தில் நின்று, ஆளாளாகப் பெயர் கேட்டுக்கொண்டு, "இன்னாரே, அரை அடி இடப்பக்கம்" என்று ஒரு மணி நேரம் கத்தினார். அந்தக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கத்த முடியாது. இரண்டாம் நாளிலிருந்து அதைக் கொண்டுவரவில்லை. அடுத்த வருஷம் வரிசைக்காக எங்களிடமிருந்து ஒரு மார்க்கைக்கூடப் பிடுங்க முடியவில்லை. இரண்டாம் பரிசு. என்னைத் திட்டிய வாயிலிருந்து வந்த பரிசு என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். குறை சொல்கிறவன் எல்லாம் எதிரி இல்லை. உன் செட்டை உன்னைவிடக் கவனமாகப் பார்க்கிறவனாகவும் இருக்கலாம்.

எங்களுக்கு இன்னொரு ரசிகையும் இருந்தாள். அதே தோல் ஷாப்பில் ரோமம் பிரிக்கிற வேலை. குள்ளமானவள். கூட்டத்தில் தெரியாது என்று ஒரு மரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு தாராவியிலிருந்து வந்து, அதன்மேல் ஏறி நின்று பார்ப்பாள். பெட்டிக்கார அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவளுக்குப் பித்தானும் பூட்ஸும் ஒரு பொருட்டே இல்லை.

"சாமி ஊர்வலம் மாரி நேரா நடந்தா ஆச்சா? அடில உசுரு எங்க வாத்தியாரே?" என்பாள்.

வேலியின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் குமாஸ்தா. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை. ஆனால் நான் நடக்கும்போது இரண்டு பேர் குரலும் என் இரண்டு காதிலும் விழும்.

யுத்தம் முற்றியபோது இரவல் பியூகிள்களைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்கு வேண்டுமாம். பித்தானுக்கும் பஞ்சம். வெறும் டிரம்மோடு போட்டிக்குப் போவதா, பேசாமல் இருந்துவிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயம், ஒரு சாயங்காலம், பயிற்சிக்கு நடுவே டீ குடிக்க விட்டபோது இரண்டு மூன்று பேர் விளையாட்டாக ஊர்க் கொட்டு ஒன்றை சைடு டிரம்மில் அடித்தார்கள். கோயில் கொடைக்கும் சாவுக்கும் அடிக்கிற அந்த அடி தெரியாதவன் தெற்கே கிடையாது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். உள்ளே வேலையாக இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். பெட்டிக்கார அக்கா கையில் ரோமத்தோடு ஆடினாள்.

எனக்கு மின்னல் அடித்ததுபோல் இருந்தது. இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு. ஆனால் அப்போது அது தப்பென்று படவே இல்லை.

போட்டியன்று மைதானத்தின் நடுவில் வரிசையை நிறுத்தி, கோலை உயர்த்தி, அந்த அடியை அடிக்கவைத்தேன். வேலி உடைந்தது. சும்மா சொல்லவில்லை, மூங்கில் முறிந்து ஜனம் உள்ளே வந்துவிட்டது. நடுவர்கள் ஒழுங்குக் குறைவு என்று இருபது மார்க்கைப் பிடுங்கி எங்களைக் கடைசியில் தள்ளினார்கள். குமாஸ்தா வேலியை விட்டு விலகிப் போய்க்கொண்டே, "இது மார்ச்சா, கொடை விழாவா? எல்லாம் கெட்டுப்போச்சு ஓய்" என்றார். ஆனால் ஐந்நூறு பேராவது எங்கள் பின்னாலேயே தாராவி வரை நடந்து வந்தார்கள். கப்பு வாங்கிய செட்டின் பின்னால் யாரும் போகவில்லை.

அடுத்த வருஷம் போட்டிக்காரர்கள் விதியையே மாற்றிவிட்டார்கள். பிடுங்குவதற்குப் பதில் போடுவது என்றானது. சரியான அடிக்கு இத்தனை, நடைக்கு இத்தனை, பார்க்கிறவர்களின் உற்சாகத்துக்கு என்று தனியாக இத்தனை. மாட்டுங்கா காபி கிளப்பில் இரண்டு வாரம் இதே சண்டை. "கைதட்டலுக்கு மார்க்குப் போட்டா நாளைக்குக் குரங்காட்டியும் கப்பு வாங்கிண்டு போவன்" என்றார் குமாஸ்தா. "நாங்க இம்புட்டு தூரம் வந்து தொண்டை கிழியக் கத்துதோமே, அதுக்கு ஒரு மருவாதி வேண்டாமா?" என்று பெட்டிக்கார அக்கா என்னிடம் கேட்டாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

அந்த வருஷம் எங்களுக்கு முதல் பரிசு. அதே ஊர்க் கொட்டு. ஆனால் மற்ற செட்டுகளும் அதைக் காப்பியடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாட்டுங்கா ஆபீஸ்காரர்கள், காலையில் டை கட்டிக்கொண்டு கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களுக்கு ரயிலேறுகிறவர்கள், இடுப்பை ஆட்டி அதை அடித்தபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

எங்கள் செட்டின் முதல் டிரம் மாசிலாமணி. முப்பத்தைந்து வயது இருக்கும். என் வாழ்நாளில் அப்படி ஒரு கையை நான் பட்டாளத்திலும் பார்த்ததில்லை. கப்பு வாங்கிய மறுநாள் அவர் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டிரம்மைத் துடைத்து, துணி சுற்றி, கிடங்கு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் குடிசைக்குப் போனேன். வாசலில் கல்மேல் உட்கார்ந்து முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல வாத்தியாரே."

"பிறகு ஏன் வரவில்லை? கப்பு வாங்கிக்கொடுத்த கை உம்முடையது."

கத்தியைத் துடைத்து மடக்கினார். கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஊருல எங்கய்யாவுக்கு என்ன வேலைன்னு கேட்டியளா? எவன் வீட்டுல சாவு விழுந்தாலும் ஆள் அனுப்புவான். போய்க் கொட்டு அடிக்கணும். காய்ச்சல்னாலும் போவணும். போவலன்னா அடி. நடுத்தெருவுல குனிஞ்சு நின்னு அடிப்பாரு. முடிஞ்சதும் தள்ளி ஒக்கார வச்சு எதையாவது போடுவாங்க. அவரு செத்தா நான்தான்னு இருந்துச்சு. அந்தக் கொட்டைத் தொடக்கூடாதுன்னுதான் நான் ரயிலேறுனேன்."

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க உடுப்பு போட்டுவிட்டு, நிமுந்து நட மாசிலாமணின்னு சொன்னிய. நாலு வருசம் நிமுந்து நடந்தேன். பொறவு அதே உடுப்புல அதே அடிய அடிக்கச் சொல்லிட்டியளே. ஆபீஸ்காரவுக அடிச்சா அது வெளையாட்டு. நான் அடிச்சா எங்கய்யா நடுத்தெருவுல நிக்காரு."

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே."

இரண்டு போட்டி. அத்தனை பயிற்சி. ஒரு நாள் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயதில் சின்னவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் கப்பை மட்டும் காட்டினால் நான் பொய்யன்.

இனி அந்த அடி நம் செட்டில் இல்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் சட்டென்று நம்பவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் வந்தார்.

பெட்டிக்கார அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எங்க கொட்டு வாத்தியாரே. எங்க தாத்தன் பூட்டன் அடிச்சது. எவனோ கேவலமா நடத்துனா கேவலம் அவனுக்குத்தான். நான் ஏன் கூசணும்?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அந்த வழக்கில் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் குச்சி மாசிலாமணியின் கையில் இருந்தது. அடிக்கிறவன் மனசு கூசும்போது கேட்கிறவன் கால் ஆடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதன் பிறகு இரண்டு மூன்று வருஷம் ஊர் கலங்கிக்கிடந்தது. போட்டி நடக்கவில்லை. கலவரப் பயத்தில், கூட்டம் கூட்டுகிற சத்தம் எதுவும் கூடாது என்று போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். செட்டைக் கலைக்க எனக்கு மனசில்லை. கிடங்குக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய தோல் துண்டுகளை டிரம்மின்மேல் விரித்து அடித்துப் பழகினோம். சத்தம் வாசலைத் தாண்டாது. பியூகிள்காரர்களும் டிரம்முக்கு மாறியிருந்தார்கள்; நாற்பது டிரம்மும் சேர்ந்து, பக்கத்தில் இருப்பவன் மூச்சு விடுவதுபோல் கேட்கும்.

ஒரு நாள் மாசிலாமணி தோல் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வெறும் டிரம்மிலேயே அதே தாழ்ந்த சத்தத்தைக் கொண்டுவந்தார். குச்சி டிரம்மைத் தொடுகிறதா என்றே தெரியவில்லை. ஆனால் அடி ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு துளி விட்டுப்போகாமல்.

"ஓங்கி அடிக்கதுக்கு எவனுக்கும் கை இருக்கு. இத எவன் அடிப்பான்னு பாப்போம்" என்றார்.

எல்லோருக்கும் அது கைவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வரிசையில் முதல் ஆளிடம் கிளம்பும் அந்த அடி, ஆள் ஆளாகக் கடந்து, கடைசி ஆள் வரை போய்த் திரும்பும். எல்லாம் நடந்துகொண்டே. இது ஊர்க் கொட்டும் இல்லை, பட்டாளத்து மார்ச்சும் இல்லை. தாராவியில் ஒரு கிடங்கில் பிறந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் போட்டி திரும்ப நடந்தது. மைதானத்தில் முன்னெப்போதும் இல்லாத கூட்டம். பிரிவினைக்குப் பிறகு செம்பூரில் புதிதாக வந்து குடியேறியவர்களும் வந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் இறங்கிய மூன்று செட்டும் ஊர்க் கொட்டைத்தான் அடித்தன. ஜனம் ஆடிக் களைத்திருந்தது. எங்கள் முறை வந்தபோது, அந்த அடியைக் கொண்டுவந்தவர்களே இவர்கள்தான் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "அந்த அடி! அந்த அடி!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

சேட் முதல் வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து கையை ஆட்டினார். "அரே மாஸ்டர், வோஹி வாலா பஜாவ்! கப் அப்னா ஹை!" அதையே அடி, கப்பு நமக்குத்தான் என்றார்.

என் பின்னால் இருந்த ஆட்களிலேயே சிலர், "வாத்தியாரே, கடைசில ஒரு தடவை அடிச்சிருவோமா?" என்று முணுமுணுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். கப்பு கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தேன். விதி மாறியிருந்தது, திரும்பிப் பார்த்தால் இப்போது மார்க் போகாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நான் என்ன செய்வேன் என்று அவருக்கு நிச்சயமில்லை என்பது அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கோலைத் தாழ்த்தி மெதுநடைக்குச் சைகை காட்டினேன்.

தாழ்ந்த அடி கிளம்பியது. யாருக்கும் கேட்கவில்லை. "ஒடைஞ்சு போச்சா டிரம்மு?" என்று ஒருவன் கத்தினான். விசில் அடித்தார்கள். முப்பது அடி தூரம் அந்த இரைச்சலுக்குள்ளேயே நடந்தோம். அப்போது வேலியின் ஒரு முனையில் பெட்டிமேல் நின்றுகொண்டு அக்கா கூப்பாடு போட்டாள்.

"ஏ, சும்மா கெடங்கவே! கத்துறதுக்கா வந்திய? அவுக என்ன அடிக்காகன்னு கேப்போம்!"

ஊர்க் கொட்டுத்தான் வேண்டும் என்று என்னோடு சண்டை பிடித்தவள் அவள். அவளைச் சுற்றி முதலில் அமைதி வந்தது. அது வேலியோரமாகவே பரவி மறுமுனைக்குப் போனது. குமாஸ்தா காதருகில் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றார். அந்த மைதானத்தில் அத்தனை பேர் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் நாற்பது பேரின் பூட்ஸ் மண்ணை அரைக்கும் சத்தமும், அதற்கு மேல் மெல்லிய மழைபோல அந்த அடியும் மட்டும்.

அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி வந்தது.

தண்டவாளம் வேலிக்கு அந்தப் பக்கம்தான். நீளமான வண்டி. இரும்பு அதிர்ந்தது. அடி கேட்கிறவர்களுக்கு மட்டுமல்ல, அடிக்கிறவர்களுக்கும் கேட்காமல் போனது. உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் அடிப்பது காதில் விழாவிட்டால் எட்டு எண்ணுவதற்குள் வரிசை சிதறிவிடும். அந்தச் சமயத்தில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். கோலை உயர்த்து, ஓங்கி அடிக்கச் சொல், வண்டிச் சத்தத்தை அமுக்கு. என் கை அதற்குப் பாதி உயர்ந்துவிட்டது.

உயர்ந்த கையை நிறுத்தினேன். ஓங்கி அடித்தால் நாங்கள் பயந்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரு வருஷம் பழகிய கைகளை நான் நம்பவில்லை என்றும் அர்த்தம். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னால் இருப்பவர்கள் பார்க்கும்படி குதிகாலை மட்டும் நன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தேன். அடிபட்ட முழங்கால் உயிரை எடுத்தது. அவர்கள் என் காலைப் பார்க்கிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பெட்டி பெட்டியாக வண்டி போய்க்கொண்டே இருந்தது. அரை நிமிஷம் இருக்கலாம். பட்டாளத்தில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு வேர்க்கவில்லை.

கடைசிப் பெட்டி போனது. இரும்புச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அது தேய்ந்த இடத்தில் அடி இருந்தது.

விட்ட இடத்தில் அப்படியே, நாற்பது கையும் ஒரே கையாக, அதே தாழ்ந்த சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடங்கவில்லை, அது நிற்கவே இல்லை என்பது மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கணத்தில் புரிந்தது. எங்கேயோ ஒரு பெண் "ஆத்தாடி" என்றாள். அதன் பிறகு எழுந்த கூச்சலில் எங்கள் கடைசிப் பத்து அடி யாருக்கும் கேட்டிருக்காது. நான் பார்த்த எல்லாப் போட்டிகளையும் ஒரு தட்டிலும் அந்த அரை நிமிஷத்தை மறு தட்டிலும் வைத்தால், அந்த அரை நிமிஷம்தான் கனக்கும்.

கப்பு மாட்டுங்கா ஆபீஸ்காரர்களுக்குப் போனது. எங்களுக்கு இரண்டாம் இடம். ரசிகர்கள் வழக்கம்போல மூன்றாகப் பிரிந்தார்கள். தாராவி செட்டு முன்னைப்போல ஆடவைக்கவில்லை என்றார்கள் சிலர். இதுதான் டிரம் என்றார்கள் சிலர். நடுவர்களுக்குக் காது இல்லை என்றார்கள் மற்றவர்கள். குமாஸ்தா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி போறச்சே நான் கண்ணை மூடிண்டுட்டேன் ஓய். சிதறிடும்னு பயம். நன்னா இருந்துது. ரொம்ப நன்னா இருந்துது" என்றார். சேட் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

நாங்கள் உடுப்போடு தாராவிக்கு நடந்து திரும்பியபோது, பெரிய தெருவில் அரிசிக்கடை வைத்திருந்தவர் கடையை விட்டு இறங்கி வந்தார். அவரும் திருநெல்வேலி ஜில்லாக்காரர், வசதியானவர், போட்டிக்கும் வந்திருந்தார். அவர் என்னிடம் பேசாமல் நேரே மாசிலாமணியிடம் போனார்.

"ஏல மாசிலாமணி, அடுத்த வாரம் எம் மவளுக்குக் கல்யாணம். செட்டைக் கூட்டிக்கிட்டு வா. அந்த ஊர்க் கொட்டு இருக்கு பாரு, அத ஒரு பிடி பிடிக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். மாசிலாமணி என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாரோம். ஆனா எத அடிக்கதுன்னு நாங்கதான் சொல்லுவோம்."

கடைக்காரர் புருவத்தைத் தூக்கினார். "சரி, அத அடிங்க. இன்னைக்கு அடிச்சதயே அடிங்க."

"இன்னும் ஒண்ணு. நாப்பது பேருக்கும் முதப் பந்தியில எல போடணும். உங்க சனத்தோட."

தெருவில் எங்களைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் மாசிலாமணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்பது பேரையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது என் கோலுக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

"போடுதேன்" என்றார் கடைசியில். பிறகு, கொஞ்சம் தயங்கி, "கண்டிப்பா வந்துரும்வே" என்றார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தெருவுக்குள் வந்தபோது அந்தத் தாழ்ந்த அடியில்தான் நடந்து வந்தார். முதல் பந்தியில் நாற்பது காக்கிச் சட்டைகளும் உட்கார்ந்தன. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். கடைக்காரரே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார். மாசிலாமணியைத் தாண்டி நாலு இலை போனபிறகு, அவர் திரும்பும்படி மாசிலாமணி குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இங்ஙன இன்னொரு கரண்டி."

கடைக்காரர் திரும்பி வந்து, குனிந்து, ஊற்றினார்.